அத்தையின் பிளாஸ்டிக் கொட்டகை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், அப்பாவின் தங்கை, என் அத்தை, தன் கணவன் வீட்டை விட்டு ஒரு தகரப் பெட்டியோடு புனே கட்கியில் இருந்த எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். ஏன் வந்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கட்டிலில் எனக்கு இடம் குறைந்தது மட்டும் தெரிந்தது. ஜுரம் கண்டவரிடம் பேசுவதுபோல எல்லோரும் அத்தையிடம் தணிந்த குரலில் பேசினார்கள். அம்மா அவர் தட்டில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோறு வைப்பார்.

அத்தை ஏதாவது வேலைக்குப் போகிறேன் என்றார். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை.

"நான் இருக்கறப்ப நீ எதுக்கும்மா வெளிய போவணும்?"

மறுத்ததற்கு ஈடாக, பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்து, கொல்லையில் மூங்கில் நட்டு ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார். புனே மழையில் கொத்தமல்லி அழுகிவிடும். அந்த மாதங்களில் பஜாரில் நல்ல கட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. கூரைக்குக் கீழே வளர்த்து விற்றால் அத்தைக்குக் கைச்செலவுக்கும் ஆச்சு, வீட்டோடும் இருப்பார் என்று அப்பா நினைத்தார்.

விதை முளைத்ததும் வீடே அதற்கு ஊட்ட ஆரம்பித்தது. அப்பா யூரியா கொண்டுவந்தார். அம்மா அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினார். நாங்கள் காக்கு என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா தன் பங்குக்குச் சாணியும் சாம்பலும் அனுப்பினார். செடி முதலில் கருகருவென்று எழுந்தது. பிறகு இலை ஓரமெல்லாம் தீய்ந்தது, மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது.

"சத்து பத்தல" என்று அப்பா இன்னொரு பிடி யூரியா போட்டார். வேண்டாம் என்று அத்தை சொன்னது கொல்லை வாசலில் நின்ற எனக்கே கேட்டது. பக்கத்திலேயே இருந்த அப்பாவுக்குக் கேட்கவில்லை. அவர் நல்லது செய்துகொண்டிருந்தார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில், அப்பா ஃபேக்டரிக்குப் போன பிறகு, அத்தை தீய்ந்த செடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கூரையைச் சுருட்டி வைத்தார். வெறும் பாத்தி மழையில் ஊறிக் கிடந்தது. சாயங்காலம் வந்த அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் பார்த்தார்.

"இன்னாம்மா இது? எவ்ளோ கஷ்டப்பட்டுப் போட்டுக் குடுத்தேன்!"

"போட்டது போதும்ணா. கூரையால மழ உள்ள வரல, கொட்டுனதெல்லாம் மண்ணுலயே தங்கிடுச்சி. செடி இன்னா பண்ணும்? கொஞ்ச நாளு சும்மா வுடு, கழுவிகினு போவட்டும்."

அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. அத்தை மேல் கோபம்கூட வந்தது.

மண் கழுவப்பட்ட பிறகு அத்தை கூரையைத் திரும்பப் போட்டு மறுபடி விதைத்தார். இந்த முறை செடி நோஞ்சானாகத்தான் வந்தது, ஆனால் வாசனை சமையலறை வரை அடித்தது. முதல் கட்டு அறுப்பதற்குள் ஊருக்கு வெளியே கடக்வாஸ்லா பக்கம் ஒரு பள்ளி விடுதியில் அத்தைக்குச் சமையல் வேலை கிடைத்துவிட்டது. காக்குதான் சொல்லி வைத்தாராம். அப்பா பேசிப் பார்த்தார், அம்மா அழுது பார்த்தார். அத்தை அதே தகரப் பெட்டியோடு கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்தில் நான், "கொத்தமல்லிய யாரு அத்த பாத்துப்பாங்க?" என்று கேட்டேன்.

"பாத்துக்கவே வேணாம். தண்ணி மட்டும் ஊத்து. உங்கப்பா எதையும் கொண்டாந்து கொட்டாம இருந்தா போதும்."

அந்தப் பொறுப்பை நான் மிகுந்த பெருமையோடு ஏற்றுக்கொண்டேன். அப்பா யூரியா டப்பாவோடு கொல்லைப் பக்கம் வந்தால் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நிற்பேன். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே அப்பா நாலடுக்குக் கேரியரில் சோறும் குழம்பும் நிரப்பிக்கொண்டு, அத்தையைத் திரும்பக் கூட்டிவர பஸ் ஏறுவார். கேரியரை நிறுத்தம் வரை நான்தான் தூக்கிக்கொண்டு போவேன்.