தங்கை கை வைக்காத இலை

என் தங்கை ஏழு வயதில் அப்பாவிடம் வாங்கிய அடி எனக்கு விழுந்திருக்க வேண்டியது. நான் பொய் சொன்னேன். அவள் அடி வாங்கினாள். பின்னாளில் தலைமையாசிரியராகி, பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியபோதும் எனக்குக் கூசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பாவின் கல்யாணம் பெண் வீட்டார் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாராகிய நாங்கள் லோரியில் போய் இறங்கினோம். எனக்கு அப்போது பத்து வயது. பந்தியில் உட்கார்ந்து இலையில் இனிப்பும் வடையும் விழுந்த நேரம் பார்த்து, லோரிக்காரர் பையன்களை ஆற்றுப் பாலம் வரை ஏற்றிப் போகிறார் என்று ஒருவன் வந்து காதில் ஓதினான். லோரியையும் விட முடியாது, வடையையும் விட முடியாது. பக்கத்து இலையில் இருந்த தங்கையிடம், “என் எலயப் பாத்துக்க. நான் வந்துருவேன். நான் வராம நீயும் கை வைக்காத” என்று சொல்லிவிட்டு ஓடினேன். சாப்பிடத் தொடங்கினால் அவள் என் வடையைக் காவல் காக்க மறந்துவிடுவாள் என்பது என் யோசனை.

பந்தியில் ஒருவர் சாப்பிட்டு முடிக்காமல் மற்றவர்கள் எழமாட்டார்கள். இவளோ தொடங்கவே இல்லை. முடித்தவர்கள் காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்க, அடுத்த பந்திக்காரர்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தார்கள். பெண்ணின் தகப்பனாரே கரண்டியோடு வந்து குனிந்தார். “என்னம்மா கொற? சொல்லு, மாத்திப் போடச் சொல்றேன்.” அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளை இப்படி உட்காருமா என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் சமையல் கொட்டகையைத் தாண்டி மணப்பெண் இருந்த அறைக்குப் போய்ச் சேர, அங்கே அழுகைச் சத்தம் கேட்டதாம்.

நான் திரும்பி வந்தபோது அப்பா அவள் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தியிருந்தார்.

“அண்ணன்தான் சொல்லுச்சு” என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார்.

“நான் ஒன்னும் சொல்லலப்பா. அதுக்குப் புடிவாதம்.”

அடி விழுந்தது. இலை சோற்றோடு சுருட்டப்பட்டு வெளியே போயிற்று.

அதன் பிறகு எந்த விசேஷத்திலும் அம்மா அவளைப் பந்தியில் உட்கார வைக்கவில்லை. பிடிவாதக்காரி என்ற பெயரோடு வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பரிமாறும் பக்கமே நின்றாள். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படித்தான்.

அவளை ஒருநாள் உட்கார வைத்து, யாராவது பரிமாற வேண்டும். வயதான காலத்தில் நான் கண்டுபிடித்த பரிகாரம் இது. கோல சிலாங்கூரில் வெள்ளைக்காரத் தோட்டத் துரை இருந்த ஒரு பழைய பங்களாவை விலையுயர்ந்த உணவகமாக்கியிருக்கிறார்கள். போன மாதம் மகனிடம் சொல்லி அங்கே இடம் பிடித்தேன். நாம் கேட்பதைத் தரமாட்டார்கள். அவர்கள் தருவதைத் தின்ன வேண்டும். பத்துப் பன்னிரண்டு தட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக.

முதலில் ஒரு கல் வந்தது. கல்லின் மேல் ஒரே ஒரு கெராங் சிப்பி. கூடை கூடையாகக் கெராங் விற்கிற ஊரில் ஒன்றே ஒன்று. பரிமாறிய தமிழ்ப் பையன் அது பிறந்து வளர்ந்த கதையை நின்று சொன்னான். தங்கை மரியாதையாகக் கேட்டுவிட்டு, கல்லை மேசையின் இடது மூலைக்கு நகர்த்தினாள். அடுத்து நுரைக்கு அடியில் நகத்தளவு நண்டு. அதுவும் மூலைக்குப் போயிற்று. மூன்றாவது தட்டு வந்தபோது எழுந்து நின்று, “குடுப்பா, நான் வைக்கிறேன்” என்று பையன் கையிலிருந்து வாங்கினாள்.

“உக்காரும்மா!” என்றேன்.

“ஆன்டி, இது ஒரே வாய்தான்லா. ஆறிடும்” என்றான் பையன்.

“இருக்கட்டும் தம்பி. சோறு வரட்டும்.”

“சோறு கடைசிலதான் ஆன்டி வரும்.”

“கடைசிலயா? அப்ப இதெல்லாம் எதுக்குத் தொட்டுக்க?”

இதை முடித்தால்தான் அடுத்தது வரும் என்று நான் விளக்கினேன். தொடுகறியை மட்டும் யார் தின்பார்கள் என்று அவள் கேட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கியவனுக்கு ஒரு கெராங்கை அவள் வாயில் போட வைக்க முடியவில்லை. சமையலறையில் எங்களுக்கான நாலாவது தட்டு காத்துக் கிடந்தது. கடைசியில் சமையல்காரரே வெளியே வந்துவிட்டார். இளவயதுச் சீனர். குனிந்து, உணவில் ஏதாவது குறையா என்று மலாயில் கேட்டார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அன்னைக்கும் இதே புடிவாதம்தான்!” என்று கத்திவிட்டேன்.

பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. நான் சொன்னது என் காதிலும் விழுந்தது. அப்பாவிடம் சொன்ன அதே பொய், இந்த வயதில், இவ்வளவு செலவு செய்து உட்கார வைத்த இடத்தில்.

சமையல்காரரும் பையனும் போன பிறகு அவள் கேட்டாள். “என்னைக்கு?”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். “நான்தான் உன்னைக் காத்திருக்கச் சொன்னேன். அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“இத எங்கிட்ட வந்து ஏன் சொல்ற? எனக்குத் தெரியாதா? நான்தானே அங்க உக்காந்திருந்தேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “தெரியாதவங்ககிட்ட சொல்லு. அப்பா அம்மா போயாச்சு. சித்தி சுங்கை பெசார்ல இருக்காங்க.”

பிறகு கெராங்கை எடுத்து வாயில் போட்டு, “உப்பு பத்தல” என்றாள்.

அந்தச் சித்திதான் அன்று அறைக்குள் அழுத மணப்பெண். எண்பதைத் தாண்டிவிட்டார். மறுவாரம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “கல்யாணத்தன்னிக்கு என்னை அழ வெச்சது நீதானாடா?” என்றார். தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. வாசல் வரை வந்து, “ஞாயித்துக்கெழம அவளக் கூட்டிட்டு வா” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வயல்களுக்கு நடுவே கார் ஓட்டிப் போகும்போது தங்கையிடம் கேட்டேன். “அன்னைக்கு நீ பாட்டுக்குச் சாப்பிட்டிருக்கலாம்ல?”

“நீ வந்துருவேன்னு சொன்னியே.”

அன்று நான் சொல்லிவிட்டு ஓடிய மூன்றில், வந்துருவேன் என்பதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. சொன்ன பேச்சுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

சித்தி அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். தாமே இலை போட்டார். பக்கத்தில் எனக்கும் ஓர் இலை விழுந்தது, அதில் ஒரு வடையும். நான் பின்கட்டுக்குப் போய்க் கை கழுவும்போது மகன் கைப்பேசியில் அழைத்தான். பேசிவிட்டுத் திரும்பியபோது தங்கை சாம்பாரை முடித்து ரசத்துக்கு வந்திருந்தாள். எனக்காகக் காத்திருக்கவில்லை.

என் இலையில் வடையும் இல்லை. நான் கேட்கவில்லை.