தம்பானூரில் படித்த இத்தாலியன்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து மாற்று வேட்டி ஒன்றோடு பழவங்காடியில் வந்து இறங்கியவன், இன்றைக்கு அதே பழவங்காடியில் மூன்று மாடியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். மலையாளம் மூன்று மாதத்தில் வந்தது. இந்தியை, சரக்கு எடுக்கப் போன இடங்களில் பேரம் பேசிப் பேசியே பிடித்தேன். எந்தப் பாஷையும் என்னிடம் முரண்டு பிடித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவனை மூன்றரை வயதுக் குழந்தை ஒன்று தோற்கடித்தது. என் பேத்திதான். இத்தாலிக்கு நர்ஸ் வேலைக்குப் போன மகள் அந்த நாட்டுக்காரரையே கட்டிக்கொண்டாள். குழந்தைக்கு அவர்கள் பாஷை மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீடியோவைப் போட்டு, போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். நான் இரண்டு கையையும் நீட்டி, "வா, வா, வா!" என்று கூப்பிடுவேன். குழந்தை என்னைப் பார்க்கும். உதடு பிதுங்கும். ஓடிவிடும்.

"உங்க மீசையைப் பாத்துப் பயப்படுது" என்றாள் என் மனைவி. நாற்பது வருஷ மீசையை எடுத்தேன். அடுத்த ஞாயிறும் ஓடியது.

மூன்று மாதம் மகள் வீட்டில் தங்க விசாவுக்குக் கொடுத்திருந்தேன். மனைவிக்கு மூட்டுவலி, அதனால் நான் தனியாகத்தான் போக வேண்டும். என்னைக் கண்டாலே ஓடும் குழந்தையோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? கடையில் உட்கார முடியவில்லை. வீட்டிலும் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன்.

"என்னத்துக்கு இப்படி நடக்குதியோ? தரை தேஞ்சிரும்" என்றாள் மனைவி.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில், வெளிநாடு போகிறவர்களுக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். பயணத்துக்கு வேண்டிய பேச்சு மட்டும். கூடப் படித்தவர்கள் எல்லாம் நர்ஸ் பெண்கள். டீச்சர் இத்தாலியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்த மலையாளிப் பெண்.

முதல் நாளே 'ஆமாம்' என்பதற்கு 'ஸி' என்றார்கள். என் வாயில் அது 'சீ' என்றுதான் வந்தது, முகமும் தானாகவே சுளித்தது.

"அங்கிளே, டிக்கெட் உண்டோன்னு ஒரு ஆபீஸர் கேட்டா, இப்படி முகம் சுளிச்சு 'சீ'ன்னு சொன்னா இறக்கி விடுவாங்க, கேட்டோ!" என்றார் டீச்சர்.

மற்றவர்கள் நோட்டில் எழுதினார்கள். எனக்குக் காது போதும். தண்ணீர் கேட்பது, ரயில் எந்த மேடையில் வரும் என்று கேட்பது, கழிப்பறை எங்கே என்று கேட்பது, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தடங்கலில்லாமல் சொன்னேன். அந்தப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் ரயிலும் தண்ணீரும் எனக்கு எதற்கு? பேத்தி ஓடுகிற கதையை அவர்களிடமும் சொல்லியிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, வழி கேட்கும் பாடம். டீச்சர் பலகையில் எழுதிச் சொன்னார்: "'வா'ன்னா போ. 'வியேனி'ன்னாதான் நம்ம வா."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "என்னது? இன்னொரு தடவை சொல்லும்மா."

"வா. போன்னு அர்த்தம், அங்கிளே."

"ஐயோ, அப்போ இத்தன நாளும் அங்கிள் பேத்தியை விரட்டிட்டே இருந்தாரா!" என்று ஒரு பெண் சொல்ல, வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதமாக, ஞாயிறு தவறாமல், கையை நீட்டிக்கொண்டு அந்தப் பச்சைக் குழந்தையைப் பார்த்து 'போ, போ' என்று கத்தியிருக்கிறேன். அது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பாடம் முடியும்வரை இருக்க முடியவில்லை. இறங்கி ரோட்டில் நின்றே மகளைக் கூப்பிட்டேன். டியூட்டியில் இருந்தாள் போல, எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கு இன்னும் மூன்று நாள். கடையில் 'வியேனி, வியேனி' என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

"வேணியா? அப்படி யாரும் நம்ம கடையில இல்லையே, முதலாளி" என்றார் கணக்குப்பிள்ளை.

ஞாயிறு வந்தது. குழந்தை திரைச்சீலைக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்றது.

"வியேனி" என்றேன்.

வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்தோ என்னவோ, அது பின்னால் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் சொன்னேன். மெல்ல மெல்ல வந்தது. ஒரு கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற அளவுக்குப் போனில் முகத்தை ஒட்டியது. பிறகு உள்ளங்கையால் போனைத் தட்டி, "நோ! வியேனி தூ!" என்றது.

"ஐயய்யோ, பிள்ள துப்புதே!" என்று பதறினாள் என் மனைவி.

"துப்பலட்டீ. 'தூ'ன்னா நீ. 'நீ வா'ங்குது."

"யாரை?"

"வேற யாரை? என்னைத்தான்."

விசா இன்னும் வரவில்லை. தினமும் காலையில் ஏஜெண்டுக்குப் போன் செய்கிறேன், இப்போதெல்லாம் அவன் எடுப்பதில்லை. பெட்டி கட்டிலின் மேலேயே கிடக்கிறது. நேற்றும் அதைத் திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி அடுக்கிப் பூட்டினேன்.