நாச்சியார் கிடந்த தொட்டி

நாச்சியாருக்குப் பொறாமை ஜாஸ்தி என்று நான் சொன்னால், "நீ மட்டும் பெரிய யோக்கியமாட்டி?" என்று கேட்பாள். கேட்கட்டும். குற்றாலத்தில் சீசன் தொடங்கி ஐந்தருவி ரோட்டில் பொருட்காட்சி போட்டால், அவளுடைய கண்ணாடித் தொட்டிக்கும் என் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான் இருக்கும். பதினொரு வருஷமாக அந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தவள் நான். அவளை என் அளவுக்குத் தெரிந்தவர்கள் அவள் வீட்டில்கூடக் கிடையாது.

சீசன் நடக்கிற மூன்று மாசமும் அந்தத் தொட்டிக்குள் அவள் கடல்கன்னி. மற்ற ஒன்பது மாசமும் தென்காசியில் வாடகை வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவள்.

பிறந்தது வாசுதேவநல்லூர். அப்பாவுக்கு இரண்டு வயல், ஒரு கிணறு. அண்ணன்மார் மூன்று பேரும் அந்தக் கிணற்றில் குதித்து நீந்துவதைப் பார்த்துப் பொறுக்காமல், எட்டு வயதில் பாவாடையோடு குதித்துவிட்டாள். அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மேலே வரவே இல்லையாம். செத்துவிட்டாள் என்று அண்ணன்மார் அழ ஆரம்பித்த பிறகுதான் தலையைத் தூக்கியிருக்கிறாள். அவர்கள் அழுததைப் பற்றிச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

கல்யாணம் ஆகித் தென்காசிக்கு வந்தாள். புருஷன் சங்கரபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். நல்ல மனிதர். ஆனால் ஒரு தடவைகூடத் தொட்டியில் அவளைப் போய்ப் பார்த்ததில்லை. "வீட்டுல பாக்கது போதாதா?" என்பார். அது அவளுக்குள் முள்ளாகவே கிடந்தது.

பொருட்காட்சியில் கடல்கன்னி ஷோ போடுகிற காண்ட்ராக்டர் காமராஜ் அண்ணாச்சி. நீந்தத் தெரிந்த பெண் வேண்டும் என்று தேடியபோது யாரோ இவளைக் காட்டியிருக்கிறார்கள். ரெக்சினில் தைத்து ஜிகினா ஒட்டிய வால், இடுப்பு வரை தொங்கும் விக், கண்ணுக்கு மேல் நீலப் பூச்சு. எட்டடித் தொட்டி. முங்கினால் ஒரு நிமிஷம் பத்து செகண்ட் உள்ளேயே கிடப்பாள். கண்ணையும் மூட மாட்டாள். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற ஒவ்வொருவரையும் உனக்காகவே கடலிலிருந்து வந்தேன் என்கிற மாதிரி பார்ப்பாள். ஒரே ஒரு சட்டம்: வாயைத் திறக்கக் கூடாது. கடல்கன்னிக்குத் தமிழ் தெரியாது.

ஒவ்வொரு ஷோவுக்கும் கடைசியில் கேள்வி நேரம். ஜனங்கள் கேட்பார்கள், அண்ணாச்சி மைக்கில் பதில் சொல்வார், இவள் தலையை ஆட்டுவாள். குடும்பத்தோடு வந்தவர்கள் கேட்கிற கேள்வியையெல்லாம் கேட்டால் நமக்கே கூச்சமாக இருக்கும். முட்டை போடுமா, குட்டி போடுமா? ஒண்ணுக்கு எப்படிப் போகும்? மாசாமாசம் தீட்டு உண்டா? புருஷன் எங்கே? அண்ணாச்சி வாய்க்கு வந்ததை அடித்துவிடுவார். ஒரு ஷோவில் முட்டை என்பார், அடுத்த ஷோவில் குட்டி என்பார்.

இவளுக்கு அது பொறுக்கவில்லை. ஆள் வராத நேரத்தில் தண்ணீரில் கிடந்தபடி யோசித்து யோசித்து, அந்த உடம்பை முழுசாக மனசுக்குள் கட்டி வைத்திருந்தாள்.

"தொப்புள் இருக்குல்லா அண்ணாச்சி. தொப்புள் இருந்தா தாய் வயித்துல கொடியோட கெடந்திருக்குன்னு அர்த்தம். அப்புறம் முட்டை எங்கன இருந்து வரும்? மார் இருக்கு, அப்ப பால் குடுக்கும். பால் குடுக்கது மீனே இல்ல. வாலை நான் மேலயும் கீழயுமாத்தான் அடிக்கேன். மீனு பக்கவாட்டுலல்லா அடிக்கும்? இது திமிங்கலச் சாதி."

"சரிட்டி, திமிங்கலம். சாயங்காலக் கூட்டத்தைப் பாரு" என்பார் அண்ணாச்சி.

புருஷனைப் பற்றியும் ஒரு முடிவு வைத்திருந்தாள். ஆண்கள் கடலுக்கு அடியிலேயே படுத்துக் கிடப்பார்களாம், மேலே வந்து பார்க்க மாட்டார்களாம். அது கடல் சமாசாரம் இல்லை, சங்கரபாண்டி சமாசாரம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

என் பொறாமையையும் சொல்லிவிடுகிறேன். நான் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறேன். என்னை ஒருத்தரும் வாய் பிளந்து பார்த்ததில்லை. என் கையிலிருந்து அப்பளத்தை வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல், அவளைப் பார்த்துக்கொண்டே கடிப்பார்கள். மிளகாய்ப்பொடியை அள்ளிப் போடலாமா என்று தோன்றும்.

இந்த வருஷம் ஜூன் மாசம், ஷோ தொடங்குவதற்கு முந்தின நாள், வால் ஏறவில்லை. நானும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். ஜிப் பாதியில் நின்று பல்லை இளித்தது. நாற்பத்திரண்டு வயது, ஒன்பது மாசம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பீடி சுற்றும் வேலை. இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்குமா?

"வேற வால் தைப்போம் அண்ணாச்சி" என்றாள்.

"தைக்கலாம்ட்டி. முழங்கால் வலிக்குன்னு போன வருஷமே சொன்னியே. இந்த வருஷம் நீ மைக்கைப் பிடி. என் தொண்டையும் போயிட்டு. உனக்குத்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியுமே."

மறுநாள் தொட்டியில் கிடந்தவன் தேவா. செங்கோட்டைப் பையன், இருபத்திரண்டு வயது, டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். கடைசி நேரத்தில் பெண் யாரும் கிடைக்கவில்லை. விக்கையும் நீலப் பூச்சையும் போட்டு, மார்புக்குப் பஞ்சு வைத்து இறக்கிவிட்டதும், சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தான். ஜிப் சர்ரென்று ஏறியது. அந்தச் சத்தத்தைக் கேட்ட நாச்சியாரின் முகத்தை நான் பார்த்தேன். சக்களத்தியைப் பார்க்கிற பார்வை.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீ வாங்கினால் முதலில் அவளுக்குத்தான் கொண்டுவருவான். "அக்கா, எப்படிக்கா கண்ணை மூடாம இருக்கிய? எனக்கு எரியுதுக்கா" என்று கேட்பான். இவள் சொல்லித்தர மாட்டாள். "அதெல்லாம் தானா வரணும்" என்பாள். அவன் முங்கும்போதெல்லாம் மைக்கை மறைத்துக்கொண்டு எண்ணுவாள். நாற்பதில் அவன் தலையைத் தூக்கியதும் தகரத்துக்கு மேலே எட்டி என்னிடம், "நாப்பது. வெறும் நாப்பதுட்டி" என்பாள். அதுதான் அவளுக்குச் சாப்பாடு.

ராத்திரி தூக்கம் போய்விட்டது என்றாள். கண்ணை மூடினால் தன் வாலை அவன் ஆட்டுகிற மாதிரியே வருகிறதாம். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் வெளியே போக வேண்டும், அவள் உள்ளே போக வேண்டும். பட்டினி கிடந்தாவது ஜிப்பை ஏற்றிவிடுவேன் என்று ஒரு வேளைதான் சாப்பிட்டாள். என் அப்பளத்தை முகர்ந்து மட்டும் பார்ப்பாள்.

அப்போதுதான் எப்சிபா டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாரல் பார்க்க வந்த இடத்தில் என் கடையில் அப்பளம் தின்றுகொண்டிருந்தார். நாச்சியார் தன் திமிங்கலக் கணக்கைச் சொன்னாள். டீச்சர் அசந்துபோனார்.

"வாலை மேலயும் கீழயும் அடிக்கது பாலூட்டிதான். கரெக்டா கண்டுபிடிச்சிருக்கீங்களே!"

இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆம்பளை எங்கன இருக்கும் டீச்சர்?" என்று கேட்டாள்.

"கடல்ல என்ன வேணும்னாலும் நடக்கும். ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒண்ணு உண்டு. அதுங்க கூட்டத்துல பெருசுதான் பொம்பளை. அது செத்துப்போச்சுன்னா, அடுத்தபடியா இருக்க ஆம்பளை பொம்பளையா மாறிரும்."

"பெருசு சாகலைன்னா?"

"அவன் ஆம்பளையாவேதான் இருப்பான்."

நாச்சியார் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "ஏட்டி, என்னமும் கிறுக்குத்தனம் பண்ணாத" என்றேன். அவள் காதில் ஏறினால்தானே!

ஞாயிற்றுக்கிழமை. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, நிற்க இடமில்லாத கூட்டம். கேள்வி நேரம் வந்தது. வழக்கம்போல ஒருத்தர், "இதுக்குப் புருஷன் உண்டா?" என்று கேட்டார்.

நாச்சியார் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "புருஷன் எதுக்குங்கேன்? இதுவே ஆம்பளைதான்!"

தேவா தண்ணீருக்குள்ளேயே கண்ணை முழித்தான். முதல் தடவையாக. அண்ணாச்சி டிக்கெட் மேஜையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஏமாற்றிவிட்டார்கள் என்று ஜனங்கள் கத்துவார்கள், ஷோ கலையும், நாளைக்கே அண்ணாச்சி தன் காலில் வந்து விழுவார் என்பது இவள் போட்ட கணக்கு.

ஒருத்தர்கூடக் கத்தவில்லை. பின்னாலிருந்து ஒரு ஆள், "ஆம்பளைக்கு மார் எப்படி வந்துச்சு?" என்று மரியாதையாகக் கேட்டார். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க இவளால் முடியாது. டீச்சர் சொன்னதை எடுத்து விட்டாள். கூட்டத்தில் பெரிய பெண் ஒன்று இருக்கும். அது போன பிறகு, ஆண் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்ணாக மாறும். இது இப்போது மாறிக்கொண்டிருக்கிறது.

"எவ்வளவு மாறியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினார்கள். போன வாரம் பார்த்தவர்களும், இந்த வாரம் இன்னும் மாறியிருக்குமே என்று திரும்ப வந்தார்கள். மூன்றே நாளில் அண்ணாச்சி புது போர்டு எழுதிவிட்டார்: மாறும் கடல்கன்னி. வரிசை என் கடை வரைக்கும் நின்றது. எனக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது, ஆனால் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட முடியுமா? தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு நாளைக்கு ஆறு தடவை, தன் வாயாலேயே அவனை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும் ராமலட்சுமி" என்றாள். நான் மறுக்கவில்லை.

ஜூலை கடைசியில் சிவகிரியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பேர் குருவம்மாள் என்று பிறகு தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தொட்டியை நன்றாகப் பார்த்துவிட்டு, நேராக நாச்சியாரிடம் திரும்பினார். இரண்டு பேருக்கும் நடுவே இரண்டு அடிகூட இல்லை.

"ஏம்மா, இங்கன வேற ஒண்ணுல்லா கெடந்துச்சு? மூணு வருஷமா அதைப் பாக்கத்தான் வாரேன். கண்ணை மூடவே மூடாது. எம் மகன் தவறுன வருஷம் நான் இங்கன வந்து நின்னேன். அது தண்ணிக்குள்ள இருந்து என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. அது எங்க?"

நாச்சியார் அந்த அம்மாளைப் பார்த்தாள். அதே கண்ணால்தான் பார்த்தாள், இமைக்காமல். அந்த அம்மாளோ நைலக்ஸ் சேலை கட்டி மைக் பிடித்து நிற்கிற ஒரு பொம்பளையிடம் பதிலுக்காகக் காத்திருந்தார். அவ்வளவுதான். அடையாளமே தெரியவில்லை. "ஏட்டி, நான்தான்னு சொல்லேன்" என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் எப்படிச் சொல்வாள்? பெருசு உயிரோடு இருந்தால் தேவா மாற முடியாது. நாளுக்கு ஆறு தடவையாக அவள் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

"அது செத்துப்போச்சுக்கா" என்றாள் மைக்கில்.

கூட்டம் மொத்தமும் "ச்சூ" கொட்டியது. குருவம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், சொந்தக்காரி செத்த மாதிரி. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களுக்கும் கண் கலங்கியது. நாச்சியார் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

"எப்படிம்மா செத்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கும், எப்படித் திரும்பும், எப்படிப் பார்க்கும், கடைசி நாளில் எந்த மூலையில் கிடந்தது, அதைப் போல இனி ஒன்று பிறக்காது என்பது வரை. ஜனங்கள் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளைச் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி கையைக் காட்டி முடிக்கச் சொன்னார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தேவா மூன்று தடவை முங்கி மூன்று தடவை எழுந்தான். ஒருத்தரும் அவனைப் பார்க்கவில்லை.