ஒத்துக்கொண்ட வைரம்

வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அதனால் தொண்ணூறுகளில் கோவை நகைக்கடைக்காரர்கள் தெரிந்தவர்களிடம் தோட்டைக் கொடுத்து, "ஊட்டுல வெச்சுப் பாருங்க" என்பார்கள். சில நாட்களுக்குள் கெட்டது ஏதாவது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் வீட்டு நல்லது கெட்டது ஒரு கல்லுக்கு என்ன தெரியும்?

அம்மா ஆசைப்பட்ட தோடு சாமி அறைக்கு வந்த மறுநாள், அப்பா சிங்காநல்லூர் பட்டறைக்குப் போயிருந்தபோது, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். "அப்பாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு" என்று கெஞ்சினாள். வீங்கிய காலோடு, அவர் எதிரில் மட்டும் நிமிர்ந்து நடந்தாள்.

கெடு முடிந்து கடைக்குப் போனோம். "கல்லு ஒத்துக்கிச்சுங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஒரு கொறையுமில்லீங்க" என்றார் அப்பா.

பணத்தைக் கட்டி, அம்மா தோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், "பாத்து எறங்கு அம்மணி, கால் வலிக்கும்" என்று அப்பா அவளுக்குத் தோள் கொடுத்தார். அம்மா அவருடைய இடது கையைத் துண்டுக்குள்ளிருந்து வெளியே இழுத்தாள். அந்தக் கெடு நாட்களுக்குள் பட்டறையில் அடிபட்ட விரலில் அழுக்கேறிய கட்டு.

"மறைச்சது போதுங்க. ஊட்டுக்குப் போயி மொதல்ல இந்தக் கட்ட மாத்தலாம்."