வாய் திறக்கும்வரை காத்திருந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, என் மகள் யாழினிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "ரேவதி மேடம் போயிட்டாங்கம்மா. ஹார்ட் அட்டாக்" என்றார் பயிற்சி மையத்தின் வாட்ச்மேன். எழுந்து ஓட முடியவில்லை. யாழினியின் வாயில் பாதி விள்ளல் இருந்தது. அப்படியே விட்டு எழுந்தால் புரையேறிவிடும். அவள் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை அழாமல் ஊட்டினேன். விஷயத்தைச் சொல்லக்கூட வீட்டில் வேறு ஆள் இல்லை.

ரேவதி அவர்கள் வேங்கிக்காலில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்தவர். பேச்சு மட்டுமல்ல, உறிஞ்ச, மெல்ல, விழுங்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு அவற்றையும் பழக்கினார். நாங்கள் முதலில் போனபோது யாழினிக்கு மூன்று வயது. ஓயாத சளி, ஆஸ்பத்திரி வாசம். இன்னொரு முறை சாப்பாடு மூச்சுக்குழாய் வழியாக நெஞ்சில் இறங்கினால் மூக்கில் டியூப்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எப்படி ஊட்டுறீங்க, காட்டுங்க" என்றார் மேடம். கைக்குழந்தைக்குச் செய்வதுபோல அவளை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, பாலாடைச் சங்கால் கஞ்சியை வாயில் சாய்த்தேன். ஒரு சொட்டு சிந்தாது; அதில் எனக்குப் பெருமை வேறு. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்படி ஊத்துனா பாதி நெஞ்சுக்குத்தாங்க போவும்."

மூன்று வருடம் என் பிள்ளையை நோயாளியாக்கியது நானேதானா? தேம்பித் தேம்பி அழுதேன். அவர் தேற்றவில்லை. யாழினியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார். திணிக்கவில்லை, தாடையை அமுக்கவில்லை.

"அது அவ வாயிங்க. அவளா தொறக்கட்டும். நமக்கென்ன, பஸ்ஸா போயிடப் போவுது?"

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகராது, நாங்கள் மையத்துக்குப் போக முடியாது. அடி அண்ணாமலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு மேடம் நடந்தே வருவார். "ஊரே புண்ணியம் தேடி நடக்குது, நான் இவ வாயப் பாக்க நடக்கறேன்" என்று சிரிப்பார். டிபன் பாக்ஸைத் திறந்து, யாழினிக்கு எதிரே உட்கார்ந்து, அவள் பார்க்க வாயை 'ஆ' எனத் திறந்து, மென்று சாப்பிடுவார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் உறவினர்கள் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்த காலம் அது. "வீட்ல நானும் தனியாத்தாங்க சாப்பிடறேன். இவதான் எனக்குக் கம்பெனி" என்றார் ஒருநாள்.

ஐந்தாம் மாதம் யாழினியின் உதடுகள் தாமாகவே ஸ்பூனைக் கவ்வின. டியூப் பேச்சு நின்றது. அப்புறம் ஒருநாள் 'மா' வந்தது. என்னைத்தான் என்று பூரித்துப்போனேன். அவள் கை நீட்டியதோ மேடத்தை நோக்கி. அடிப்பாவி! வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மேடத்துக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். விட்டுவிட்டு வர ஆளில்லாததால் யாழினி என் இடுப்பில் இருந்தாள். அரிசியோடு குனிந்தேன். மேடத்தின் உதடுகள் இறுக மூடியிருந்தன. கை அங்கேயே நின்றுவிட்டது.

"போடும்மா, நேரமாவுது" என்றார் பின்னாலிருந்தவர்.

யாழினி மேடத்தின் முகத்தையே பார்த்தாள். பிறகு, அவருக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலத் தன் வாயை மெதுவாகத் திறந்து காட்டினாள். மூடாமல் அப்படியே காத்திருந்தாள்.

நான் அரிசியைப் போட்டேன். போய் வாருங்கள், மேடம்.