செயலிக்குள் போன வேண்டுதல்

தையற்கூடத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருப்பார். சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பதுதான் இருவருக்கும் வேலை. அந்த அம்மாளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியபோது பொத்தான்கள் காஜாத் துளைக்கு நேராக விழாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுந்தன. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கைகழுவப் போனதும், அக்கா அவருடைய குவியலிலிருந்து கோணலான சட்டைகளை உருவி, நூலைப் பிரித்து, சரியான இடத்தில் தைத்து, பழையபடி மடித்து அதே குவியலில் செருகிவிடுவாள். அப்புறம்தான் தன் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வாள். அந்த அம்மாள் வேலையை விட்டுப் போன அன்றுகூட, "என் கைக்கு இன்னும் பழுது வரல, பாத்தியா" என்று பெருமையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். "உங்க கை யாருக்கும்மா வரும்" என்றாளாம் அக்கா. இதெல்லாம் தம்பிக்குத் தெரிய வந்தது வெகுகாலம் கழித்து, கூடத்து மேற்பார்வையாளர் வாயால்.

அக்கா அப்படித்தான். செய்வதைச் சத்தமில்லாமல் செய்வாள். சத்தம் போடுவது ஒரே ஓர் இடத்தில்தான். ஆண்டவனிடம்.

விடியற்காலையில் அடுப்படி ஜன்னலோரம் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி அவள் ஆண்டவனிடம் பேசுவாள். குழாயில் தண்ணீர் மெல்லமாக வருவதைச் சொல்வாள். முதலாளிக்கு நல்ல மனசு கொடு என்பாள். வாயால் கேட்டால்தான் அவள் மனசு ஆறும். அந்த அடுக்குமாடிக் கட்டடத்துச் சுவர்கள் அட்டை மாதிரி. அக்காவின் வேண்டுதல் மேல் வீடு, கீழ் வீடு எல்லாவற்றுக்கும் கேட்கும். எதிர்வீட்டு ஓட்டுநர் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பார். அவர்தான் அவளுக்கு 'அலாரம்' என்று பெயர் வைத்தார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல காரியத்துக்குத்தானே எழுப்புறேன்" என்பாள்.

அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், தம்பியையும் தங்கையையும் வளர்த்துப் படிக்கவைத்ததெல்லாம் அவள்தான். தங்கையைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்தாள், தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்க்கவில்லை. தம்பி கணினி வேலைக்குப் போனான், கல்யாணமும் செய்துகொண்டான். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

தம்பி வேலை பார்த்த நிறுவனத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் நிறுவனத்துக்குப் பயன்படுகிற மாதிரி செல்போன் செயலி ஏதாவது செய்து தரலாம். கட்டாயம் ஒன்றும் இல்லை என்று மின்தூக்கிக்குள்ளேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆனால் வருஷக் கடைசியில் கூப்பிட்டுப் பேசும்போது, "நீங்க இந்த வருஷம் என்ன செஞ்சீங்க?" என்று மேலாளர் சிரித்த முகத்தோடு கேட்பார். தம்பியிடம் பதில் இருந்ததில்லை. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் மேலே போய்விட்டார்கள்.

அதனால் அவனும் இறங்கினான். விடுமுறை நாளிலும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தட்டு வைக்க இடமிருக்காது. அவன் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

"ஆபீஸ்ல செய்ற வேலைக்குச் சம்பளம் தர்றாங்க, சரி. வீட்டுல செய்ற வேலைக்கு என்ன தருவாங்க, கைதட்டா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவன் தலை நிமிரவே இல்லை. அதன் பிறகு அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது.

அவன் செய்தது ஓர் எளிய செயலி. நாற்காலியை விட்டு எழாமல் ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் அது எழுந்திருக்கச் சொல்லும். தண்ணீர் குடிக்கச் சொல்லும். இருட்டியும் இருந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லும். இயந்திரக் குரலில் அது சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை. தூக்கம் வருகிறது என்று எல்லோரும் அணைத்துப்போட்டார்கள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அலாரம் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு வெளியே தேட வேண்டும்? சொன்னால் அக்கா கூச்சப்படுவாள், குரல் இயல்பாக வராது. இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுப்படி அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் செல்போனைப் பதிவில் போட்டு வைத்தான். சில நாள் அப்படி வைத்தான். தனக்கு விழுந்த திட்டெல்லாம் அதில் அருமையாக வந்திருந்தது. "எழுந்திருடா, எவ்வளவு நேரம் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருப்ப." "தொண்டை வறண்டு கெடக்கு, ஒரு வாய் தண்ணி குடிச்சா கொறஞ்சா போயிடுவ." கூடவே விடியற்கால வேண்டுதலும் வந்திருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இருட்டிய பிறகு ஒலிக்கும்படி வைத்தான்.

அலுவலகமே அதைக் கொண்டாடியது. குத்துக்கல் என்பது அங்கே வழக்குச் சொல்லானது. பக்கத்து இருக்கைக்காரன் அந்த வேண்டுதலைக் கேட்பதற்காகவே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போகச் சொல்லும் குரலைக் கேட்க ஆட்கள் வீட்டுக்குப் போகாமல் இருந்தார்கள். யார் குரல் என்று கேட்டார்கள். "எங்க அக்கா" என்றான் தம்பி, பெருமையாக. அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போனது.

பரிசு அவனுக்குத்தான் என்று அறிவித்தார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். தம்பி ஏதோ பெரிதாகச் செய்துவிட்டான் என்பதைத் தவிர அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மேல்மாடி மண்டபம் நிறைய ஆட்கள். குளிர்ந்த காற்று. அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மேலாளர் மேடையில் தம்பியைப் புகழ்ந்து பேசிவிட்டுச் செல்போனை ஒலிபெருக்கியோடு இணைத்தார். மண்டபம் முழுக்க அந்தக் குரல் எழுந்தது.

"ஆண்டவனே, இவன் இன்னைக்காவது இருட்டுறதுக்கு முன்னாடி வீடு வந்து சேரட்டும். அந்தப் புள்ள முகத்தப் பாத்து ரெண்டு வார்த்தை பேசட்டும். எனக்கு ஒன்னும் வேணாம். இவங்க ரெண்டு பேரும் பேசிச் சிரிக்கிறதக் கேக்கணும், அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாதிப் பேர் குரலோடு சேர்ந்தே சொன்னார்கள். அவ்வளவு மனப்பாடம்.

அக்கா தன் குரலை வெளியிலிருந்து கேட்டவள் இல்லை. கொஞ்ச நேரம் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு தம்பி மனைவியின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"யாரும்மா அது, நம்ம வீட்டு வேண்டுதலச் சொல்றா?"

அந்தப் புள்ள தான்தான் என்று தம்பி மனைவிக்குப் புரிந்துவிட்டது. முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கும் விளங்கியது. புடவை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், இனி ஒரு சொல்லும் வெளியே வந்துவிடக் கூடாது என்பதுபோல.

மேலாளர் விடவில்லை. குரலுக்குச் சொந்தக்காரரே வந்திருக்கிறார், மேடைக்கு வந்து ஒரு முறை நேரில் சொல்ல வேண்டும் என்றார். கூட்டம் கைதட்டியது. அக்கா அசையவில்லை. தம்பி அவள் காதருகே குனிந்தான். அவன் அப்போது என்ன சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறான். சொன்னது இதுதான்:

"ஒரே ஒரு தடவை சொல்லிடுக்கா. எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

தம்பி சொல்கிறானே என்று அவள் எழுந்து போனாள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் மேலாளரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அது உங்ககிட்ட சொன்னது இல்லீங்கய்யா."

நகைச்சுவை என்று நினைத்து மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அன்றைக்கு அதற்குத்தான் அதிகக் கைதட்டு. தம்பியும் தட்டினான். தட்டிக்கொண்டிருக்கும்போதே தன் கைகளைப் பார்த்தான். நிறுத்தத்தான் தெரியவில்லை.

திரும்பும்போது பேருந்தில் மூன்று பேரும் மூன்று இருக்கைகளில் உட்கார்ந்து வந்தார்கள். வீடு வந்ததும் அக்கா புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மனைவிதான் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:

"உங்கக்கா நமக்காக இப்படி வேண்டிக்கிறாங்கன்னு எனக்கே தெரியாது. காலைல நான் காதுல துணியச் சுத்திக்கிட்டுத் தூங்குவேன். உங்க ஆபீசுக்கே தெரிஞ்சிருக்கு."

மறுநாள் விடிந்தபோது அடுப்படியிலிருந்து சத்தம் வரவில்லை. தம்பி படுக்கையில் கண்ணைத் திறந்தபடி காத்திருந்தான். எட்டிப் பார்த்தால், அக்கா ஜன்னலோரம் எப்போதும்போலத்தான் நின்றுகொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. அடுப்பு மேடையில் கிடந்த அவனுடைய செல்போனின் மேல் கைத்துண்டு ஒன்றை மடித்துப் போட்டிருந்தாள். அதைப் பார்த்தபோது அவனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

எதிர்வீட்டு ஓட்டுநர் வந்து கதவைத் தட்டினார். "என்ன, அலாரத்துக்குச் சாவி குடுக்கலையா? வண்டி எடுக்கப் போறதுக்குள்ள முதலாளி போன் பண்ணிட்டாரு" என்றார். அக்கா சிரித்து மழுப்பினாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். அவள் சொல்லி அவன் கேட்ட ஒரே பொய் அதுதான்.

தம்பி மேலாளரிடம் போய் அந்தக் குரலை எடுத்துவிடலாமா என்று கேட்டான். ஓய்வு நேரத்தில் செய்திருந்தாலும் நிறுவனத்துக்கென்று கொடுத்தது நிறுவனத்துடையது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று அவர் பக்குவமாகச் சொன்னார். மற்றக் கிளைகளுக்கும் அனுப்பப் போகிறார்களாம். "அக்காவுக்கு ஒரு பரிசுக் கூடை அனுப்பிடலாம்" என்றார். நல்ல மனிதர்தான். அவருக்குப் புரியவில்லை. சில வாரங்களுக்கு முன்னால் தம்பிக்கும்தான் புரியவில்லை.

அடுத்த விடுமுறை நாளில், யாரையும் கேட்காமல், அக்காவின் குரலை முழுக்க எடுத்துவிட்டுத் தன் குரலைப் பேசி வைத்தான். "எழுந்திருங்க, தண்ணி குடிங்க" என்று அவன் சொன்னதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. செயலியைத் தூக்கியெறிந்தார்கள். கிளைகளுக்குப் போவது நின்றது. மேலாளர் கூப்பிட்டுப் பேசினார், இந்த முறை சிரித்த முகம் இல்லை. மேலே போகும் வழி அத்தோடு அடைபட்டது. அதற்கெல்லாம் அவன் வருத்தப்படவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆட்கள் அந்த வேண்டுதல் துண்டைத் தங்கள் செல்போனில் பிடித்து வைத்திருந்தார்கள். அலுவலக நடைகூடத்தில் போகும்போது திடீரென்று ஆண்டவனே என்று கேட்கும், பின்னாலேயே சிரிப்பும் வரும். அப்போதெல்லாம் அவன் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிடுவான்.

"எடுத்துட்டேன்கா" என்று அவளிடம் சொன்னான்.

"சரிப்பா" என்றாள். மன்னித்துவிட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அவள் மனசில் கசப்பு தங்காது. ஆனால் குரல் திரும்பவில்லை. தம்பி இப்போது இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தான். மடிக்கணினி மேசையை விட்டுப் போனது. மனைவியோடு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் துளிர்த்தது, ஒருநாள் இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தாள். மறுநாள் விடியலிலாவது நன்றி சொல்லும் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். வரவில்லை.

தூரத்தில் இருந்த தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. துணைக்கு ஆள் வேண்டும் என்று அவள் அழைத்தபோது அக்கா உடனே சம்மதித்தாள். போன இடத்திலேயே பிறகு அவள் காலம் முடிந்தது. தம்பியால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அவளை அவன் கடைசியாகப் பார்த்தது வண்டியேற்றிவிட்ட நிலையத்தில்தான்.

பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னும் என்மேல் வருத்தமா என்று கேட்க வந்து, கேட்க முடியாமல், சாப்பாட்டுப் பொட்டலம் பத்திரம் என்றான். வண்டி நகரப் போகும் நேரம் அவள் அவன் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"சத்தமா கேட்டாத்தான் ஆண்டவனுக்குக் கேக்கும்னு இல்லடா. ஆனா நான் வேண்டுறது உனக்குக் கேக்காம போச்சுல்ல, அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.