பாசி எடுப்பவர்களைப் படம் எடுத்தேன்

காலை 6.40. இராமேசுவரம் தீவில் கூட்டமில்லாத ஒரு கடற்கரை. இடுப்பளவு தண்ணீரில் ஆறு பெண்கள் கடற்பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடல் வற்றியிருக்கும் சில மணி நேரம்தான் அவர்களுக்கு வேலை. அதிகம் பேர் பார்க்காத காட்சி என்று கைப்பேசியில் படம் எடுத்தேன்.

விரல்களில் துணி சுற்றிய ஒருவர் கரையேறினார்.

“யாரக் கேட்டு எடுத்தீக? முன்ன ஒருத்தரு இப்படித்தான் எடுத்துப் போட்டாரு. அதப் பாத்து அதிகாரிக வந்து, இங்க பாசி எடுக்கக் கூடாதுன்னு பாசிய அள்ளிட்டுப் போனாக.”

மன்னிப்புக் கேட்டு அழித்தேன்.

“அழிச்சது குப்பைக்குள்ள கெடக்கும். அதையும் அழிங்க.”

மற்றவர்களும் சூழ்ந்துகொண்டு ஒவ்வொரு படமாகக் காட்டச் சொன்னார்கள். என் மகளின் பிறந்தநாள் படங்கள் வரை போனது.

“கேக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் கேட்காமல் கைப்பேசியை வெளியே எடுப்பதில்லை.

அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் கடல் ஏறிவிட்டது. அன்று யாரும் மறுபடி இறங்கவில்லை.